தளர்ந்தது கையல்ல

பயிற்சித் திடலில் எஸ்.ஐ. ஜெசிந்தாவின் கைத்துப்பாக்கியில் மூன்றாவது தோட்டா மறுபடியும் சிக்கி நின்றது.

"கை தளருது மேடம். பொம்பளைங்களுக்கு இது சரிப்படாது" என்று ஆயுதக் கிடங்கு ஏட்டு துரைக்கண்ணு குறிப்பு எழுதத் தொடங்கினார். அது மேலே போனால் அவளுக்கு இனி மேசை வேலைதான்.

"இதே துப்பாக்கியில நீங்க சுடுங்க ஏட்டையா."

சுட்டார். அவருக்கும் மூன்றாவது சிக்கியது.

ஜெசிந்தா தோட்டாக்கள் அடுக்கிய மேகஸினைக் கழற்றி உள்ளிருந்த ஸ்பிரிங்கை அழுத்திக் காட்டினாள். தோட்டாவை மேலே தள்ள வேண்டிய அது அழுத்திய இடத்திலேயே செத்துக் கிடந்தது. வேறு மேகஸின் போட்டு அவளே சுட்டாள். எட்டுத் தோட்டாக்களும் தடையில்லாமல் பாய்ந்தன.

ஏட்டு குறிப்பைக் கிழித்தார்.

"போன வருஷம் பயிற்சிக்கு வந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் இதையேதானே எழுதுனீங்க? அந்த ஃபைலையும் எடுங்க" என்று அவர் எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.