சோளத்துக்குள் பன்றி

ட்ரோன் கீழே இறங்கியபோது பிரேமா மனசுக்குள் எல்லாச் சாமியையும் கும்பிட்டாள்.

கயத்தாறுக்குக் கிழக்கே அண்ணன் தம்பி இருவரின் மக்காச்சோளமும் ஆள் மறைகிற உயரத்தில் நின்றது. நடுவில் ஒரே ஒரு வரப்பு. அதை யார் வெட்டிச் சுருக்கினார்கள் என்ற சண்டையில் பிரேமாவின் புருஷன் செந்தில்முருகனும் அவன் அண்ணன் காசிலிங்கமும் பேசி ஐந்து வருஷமாகிறது. அண்ணன் வீட்டு வாசப்படியை மிதித்தால் அப்படியே அப்பன் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று பிரேமாவுக்கு உத்தரவு. காசிலிங்கத்தின் பெண்டாட்டி பகவதிக்கும் அதே உத்தரவுதான்.

வாசப்படியைத்தானே மிதிக்கக் கூடாது? சோளத்துக்குள் நுழையலாமே!

தினமும் மத்தியானம் இவள் இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமுமாக உள்ளே புகுந்து, கிழக்கு மூலையில் நாலு சோளத்தட்டையைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்து, மக்ரூனைத் தின்றபடி புருஷன்மாரைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள். சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிடும்.

இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டார்கள்.

பயிரைச் சோதிக்க ட்ரோனோடு வந்த தூத்துக்குடிப் பெண் சுஜிதாவுக்கு வரப்புச் சண்டையெல்லாம் தெரியாது. இரண்டு காட்டையும் சேர்த்தே படம் பிடித்துவிட்டாள். இலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை வைத்தே பயிரின் தெம்பைச் சொல்லிவிடுகிற கேமராவாம் அது. அவள் கையிலிருந்த டேப்லெட்டில் செழித்த பயிர் பச்சை, படுத்த பயிர் சிவப்பு.

"அண்ணாச்சி, ரெண்டு வீட்டுப் பக்கத்துல இருந்தும் ஒத்தையடிப் பாத வந்து உள்ள ஒண்ணாச் சேருது. அங்கன பயிரே இல்ல. யாரும் வந்து உக்காருதாங்களா?"

போச்சு! பிரேமா பகவதியைப் பார்த்தாள். பகவதி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பி நின்ற ஆண்கள் இருவரும் ஒரே பாய்ச்சலில் டேப்லெட்டின் மேல் வந்து விழுந்தார்கள்.

"பன்னிம்மா. பன்னி வந்து படுக்கி" என்றான் செந்தில்முருகன்.

"ஆமாலே, பன்னியேதான். நானே பாத்தேன்" என்றார் காசிலிங்கம்.

அடி ஆத்தீ! ஐந்து வருஷத்தில் முதல் பேச்சு! தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் பிரேமாவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, புருஷனின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

கிழக்கு மூலையில் குட்டியாக ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அதை யாரும் சீந்தவே இல்லை.

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு உள்ளங்கையால் அமுக்கி மறைத்துக்கொண்டிருந்தது மேற்கே, பம்புசெட்டுக்குப் பின்னால் இரண்டு பாதையும் போய்ச் சேர்ந்த பெரிய சிவப்பு வட்டத்தை.