கண்காணாத தூரம்

பள்ளிக்கூட வாசலில் ஒரு தகரப் பலகை நின்றது. ‘இங்கிருந்து நூறு மீட்டருக்குள் பீடி, சிகரெட், புகையிலை விற்கக் கூடாது’ என்று அதன் நெஞ்சில் எழுதியிருந்தது. ஊரே தன் பேச்சுக்குக் கட்டுப்படுகிறது என்று அதற்கு ஒரே மிதப்பு.

ஒருநாள் அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊன்றியிருந்த இரண்டு காலையும் பிடுங்கிக்கொண்டு தெருக்கோடிப் பெட்டிக்கடையிடம் போய், “எனக்கு இவ்வளவு பக்கத்திலா நிற்கிறாய்?” என்று அதட்டியது.

“நீங்கதானே அண்ணே வந்தீங்க?” என்றது பெட்டிக்கடை. ஆனாலும் எதற்கு வம்பு என்று, பாக்குச் சரங்கள் குலுங்க நாலு மரக்காலால் நடந்து தள்ளிப் போய் நின்றது.

சரியாகத்தான் நிற்கிறதா என்று பார்க்கப் பலகை பின்னாலேயே போனது. “மறுபடியும் பக்கத்திலா?” கடை நகர்ந்தது, பலகையும் விடவில்லை. சந்தை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் தாண்டி இரண்டும் ஏரிக்கரைக்கே வந்துவிட்டன.

“அண்ணே, இதுக்கு மேல தண்ணி. வந்த வழியே திரும்பிப் போகட்டுமா?”

“போ, போ! கண்காணாத தூரத்துக்குப் போ!”

கடை போனதும் சுற்றிலும் ஒரு பீடித்துண்டு கூட இல்லை. பலகை ஏரிக்கரையில் காலை ஊன்றி நிமிர்ந்து நின்றது.

சாயங்காலம் பள்ளிக்கூடத்து நாய் மூச்சிரைக்க ஓடி வந்தது.

“ஐயா, மோசம் போனோம்! நீங்க நின்ன அதே குழியில அந்தக் கடை நிக்குது. கடலை மிட்டாய் வாங்க வந்த ஆறாம் வகுப்புப் பையனுக்குப் புகையிலைப் பொட்டலம் ஒண்ணு இனாமாக் குடுத்திருக்கு!”

பலகை பதறவில்லை. “அது எனக்கு எவ்வளவு தூரம்?”

“ரெண்டு மைல் இருக்கும்.”

“அப்புறம் என்ன?” என்றது பலகை. “சட்டப்படிதானே நிற்கிறது.”