மூடியில் எழுதிய பெயர்

திராட்சை வாசம் வரவில்லை.

அவள் பெட்ரி தட்டை இன்னொரு முறை மூக்கருகே கொண்டுபோனாள். ஆறிப்போன கஞ்சியின் வாடை. அவ்வளவுதான்.

மடிநோய் கண்ட பசுவின் பாலிலிருந்து வளர்த்த கிருமி அது. நீலப்பச்சையாகப் படர்ந்திருக்க வேண்டும். திராட்சை மணக்க வேண்டும்.

தட்டில் இருந்தவையோ சின்னச் சின்னத் தேன் துளிகள்.

தேன் துளிகள்.



கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தாள். ‘பால்’ என்று எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்துதான்.

தட்டின் அடியைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் எழுதவில்லை.

ஜெபராணி மேடம் இந்த ஆய்வகத்தில் முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னது இது ஒன்றைத்தான். "பேரைத் தட்டுக்கு அடியில எழுதணும். மூடியில எழுதாத. மூடி எந்தத் தட்டோட வேணும்னாலும் போயிரும்."

அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை அவசரம். கிருமி வெளியே பரவாமல் தடுக்கும் கண்ணாடி கேபினட்டுக்குள் கையை விட்டு இரண்டு தட்டுகளில் கிருமியைத் தீற்றினாள். ஒன்று பால். இன்னொன்று, கன்று வீசிய, அதாவது கரு கலைந்த பசுவிடமிருந்து எடுத்தது. அதுதான் தேன் துளிபோல வளரும். இரண்டு மூடிகளையும் ஒன்றாகத் திறந்து பக்கத்தில் வைத்தாள். ஒன்றாகவே எடுத்து மூடினாள்.

எது எதன் மேல் போனது?

பால் தட்டை வெளி மேசையில் வைத்துத் திறக்கலாம். மற்றதைக் கேபினட்டுக்கு வெளியே திறக்கவே கூடாது; அந்தக் கிருமி மூச்சோடு உள்ளே போய்விடும்.

மோந்து பார்ப்பதோ, எந்தத் தட்டையுமே கூடாது. அது விடுதி சீனியர்கள் பழக்கிவிட்ட கெட்ட பழக்கம். மூக்கால் கிருமியின் பெயரைச் சொல்பவன்தான் அங்கே பெரிய ஆள். இவளுக்கும் பெரிய ஆளாக ஆசை. மேடம் வருவதற்குள் பெயரைக் கண்டுபிடித்து அசத்திவிட வேண்டும் என்று முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தாள்.

நன்றாகத்தான் அசத்தினாள்.

மூடப் போனாள். மூடி வழுக்கியது. மறுபடி எடுத்து மூடினாள்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அணைத்தாள். அது சட்டென்று நிற்கவில்லை. தன் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அதன் காற்று மேசையிலிருந்து வாசல் பக்கமாகத்தான் வரும்.

அந்தக் கிருமி மாட்டுக்கு வந்தால் கன்று வீசும். மனிதருக்கு வந்தால் மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல். கர்ப்பிணிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையும் அவள் தேர்வில் எழுதியிருக்கிறாள். முழு மதிப்பெண்.

மேடத்துக்கு இது ஏழாவது மாதம்.

அதனால்தான் மேடம் கேபினட் பக்கம் போவதில்லை. வெளி மேசையோடு சரி. அதனால்தான் விடுமுறையில் தன்னிடம் ஆய்வு பழக ஒரு மாணவியைத் தேடினார். கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாதிப் பேர் அந்த இடத்துக்கு முட்டி மோதினார்கள். அவர் எடுத்தது இவளை மட்டும்.

"இனி என் கை நீதான்" என்றார்.

அந்தக் கைதான் மூடியை மாற்றிப் போட்டிருந்தது.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. மெல்ல, இழுத்து இழுத்து.

தட்டைக் கொண்டுபோய் இன்குபேட்டரில் வைத்துவிடலாம். மூடியை அழித்து எழுதலாம். மேசையை மருந்து ஊற்றித் துடைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இது வேறு ஏதாவது கிருமியாகக்கூட இருக்கலாம். ஒன்றுமே ஆகாமல் போகலாம். சொன்னால் நாளைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்புறம் எந்த ஆய்வகமும் அவளை வாசலில்கூட நிறுத்தாது.

துணியை எடுத்தாள். மருந்து பாட்டிலையும் எடுத்தாள்.

செருப்புச் சத்தம் பக்கத்து அறையைத் தாண்டியது. மேடம் யாரிடமோ நின்று சிரித்தார். எட்டி உதைக்கிறான் என்றோ என்னவோ சொன்னது காதில் விழுந்தது.

அவள் துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

கதவு ஒரு முறை அசைந்தது.

"என்னம்மா, தாழ் போட்டிருக்க? தெற. கால் வலிக்கு."

அவள் தாழ்ப்பாளை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"தெறக்க மாட்டேன் மேடம். நீங்க போயிருங்க."

"என்னாச்சு?"

"மூடியில எழுதிட்டேன்."



இனி வசவு விழும் என்று கண்களை இறுக்கிக்கொண்டாள். விழவில்லை. செருப்பு கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

"பிள்ளே." மேடத்தின் குரல் அவள் அதுவரை கேட்காத குரலாக இருந்தது. "மோந்து பாத்தியா?"

அவள் தலையாட்டினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அது தெரியாது. வாய் திறந்துதான் சொல்ல வேண்டும்.

அதற்கு மூச்சை இழுக்க வேண்டும்.

இவ்வளவு நேரமும் மேடத்தின் வயிற்றை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தாள். இப்போதுதான் தன் நெஞ்சில் கையை வைத்தாள்.

மூச்சை இழுத்தாள்.