ஐந்து மாத இடைவெளி

"பொருந்துதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் என்ன சார்?" என்றாள் சுடர்க்கொடி. தங்கை தேன்மொழிக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க அம்மாவோடு வந்திருந்தாள்.

அனுமதி அதிகாரி அக்கா தங்கை இருவரின் பீங்கான் அடையாள வில்லைகளையும் மறுபடி கருவியின் கீழ் வைத்தார். கண்ணுக்கே தெரியாத ஒரு பார்கோடுக்குள் பிறப்பு முதல் எல்லாம் பதிந்திருந்தது.

"கூடப்பிறந்தவங்கதான் கொடுக்கலாம். உங்க ரெண்டு பேருக்கும் அஞ்சு மாசம்தாம்மா வித்தியாசம். ஒரே வயித்துல எப்படி?"

சுடர்க்கொடிக்குப் புரிந்துவிட்டது. இருவரையும் ஒரே நாளில் பள்ளியில் சேர்த்தபோது, வயதைச் சரிக்கட்டத் தலைமையாசிரியர் வாய்க்கு வந்த தேதிகளைப் போட்டிருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிறந்தநாள்.

"அது வாத்தியார் போட்ட தேதி. திருத்துங்க."

"பீங்கான்ல செதுக்கினதும்மா. அஞ்சாயிரம் வருஷம் அழியாது."

"என் தங்கச்சிக்கு ஆறு மாசம்தான் சார் இருக்கு!"

அவர் அம்மாவிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. இதுல யாரைப் பெத்தீங்க?"

அம்மா சுடர்க்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டுல நீதானேடி படிச்சவ. யாருன்னு சொன்னா அவ பிழைப்பா?"