நிமிடத்துக்கு ஐந்து

“சார் கேட்ட ஒடனே சரின்னு தலையாட்டிட்டியே, உனுக்கு இன்னா பைத்தியமாக்கா?”

பரிமளா கேட்டுக்கொண்டே இருக்க, மலர்க்கொடி வலைத்தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டு, இடது கையில் இரும்புக் கண்ணிக் கையுறையை மாட்டினாள்.

உத்திரமேரூருக்கு வெளியே இருந்த அந்தக் கோழிக்கறித் தொழிற்சாலையில் மலர்க்கொடிதான் முதல் கத்தி. கோழிக்காலில் ஒரு கீறல், ஒரு திருப்பல், எலும்பு தனியே வந்துவிடும். கறி கிழியாது. மற்ற பெண்களால் நிமிடத்துக்கு மூன்று கால்கள்தான் முடியும். கால்களைக் கொண்டுவரும் பெல்ட்டும் அந்த வேகத்தில்தான் ஓடியது.

வாரத்துக்கு ஒரு கண்டெய்னர் வளைகுடாவுக்குப் போனவரை அது போதுமானதாக இருந்தது. இப்போது மூன்று கேட்கிறார்கள். பெல்ட் வேகத்தைக் கூட்டிவிட்டால் போயிற்று என்றார் மேனேஜர் ஸ்ரீகாந்த்.

“முடியாது சார். இப்பவே குளுர்ல வெரல்லாம் மரத்துப் பூடுது. போன மாசந்தான் நிஷாவுக்குக் கட்டை வெரல்ல தையல் போட்டாங்க” என்று பரிமளா சொல்லிப் பார்த்தாள்.

“முடியுமா முடியாதான்னு மலர்க்கொடி செஞ்சு காட்டட்டும். வியாழக்கிழமை வாங்கற கம்பெனியோட குவாலிட்டி மேடம் வர்றாங்க. அவங்க முன்னாடி பத்து நிமிஷத்துல அம்பது கால். அப்புறம் எல்லாருக்கும் அதுதான் டார்கெட். செஞ்சு காட்டினா அடுத்த மாசம் நீங்க சூப்பர்வைசர், மலர்க்கொடி.”

“செய்றேன் சார்” என்றாள் மலர்க்கொடி. யோசிக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு மூன்று நாளாக வேனில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பரிமளாவுக்கு இந்த வேலை பிடிக்கும். சொந்த ஊர் காவாந்தண்டலத்தில் நடவு, களை, அறுப்பு என்று ஓடினாலும் வருஷத்தில் பாதி நாள் சும்மாதான் கிடக்க வேண்டும். இங்கே மழையோ வெயிலோ, வேலை உண்டு. வேலையும் நிலைக்க வேண்டும், அதைச் செய்கிற விரலும் நிலைக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மேடம் வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் ஸ்டாப்வாட்ச். முப்பது பெண்களும் கத்தியை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

மலர்க்கொடி தொடங்கினாள். பார்க்கப் பார்க்கப் பரிமளாவுக்கு வயிறு எரிந்தது. அத்தனை அழகாக இருந்ததுதான் கொடுமை. கத்தி எங்கே நுழைந்தது, எங்கே வெளியே வந்தது என்று கண்ணுக்கே பிடிபடவில்லை. பத்தாவது நிமிடம் முடியும் முன்பே ஐம்பதாவது கால் ட்ரேயில் விழுந்தது.

ஸ்ரீகாந்த் கை தட்டினார். பெண்களில் ஒருத்தியும் தட்டவில்லை.

“நம்ம கையி ஒயிஞ்சிது போ” என்று நிஷா முணுமுணுத்தாள்.

மேடமும் தட்டவில்லை. ட்ரேயைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கறிக்குள் எலும்பு தங்கியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எக்ஸ்ரே மெஷினில் துண்டுகள் ஒவ்வொன்றாகப் போயின.

ஐந்தாவது துண்டில் மெஷின் கத்தியது. ஸ்ரீகாந்தின் சிரிப்பு அப்படியே நின்றது. பன்னிரண்டாவதில் மறுபடி. அப்புறம் இன்னொன்று. ஐம்பதும் போய் முடிவதற்குள் ஆறு முறை கத்திவிட்டது.

முதல் சத்தத்துக்குப் பரிமளாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. ஆறாவது சத்தத்தில் அது போய்விட்டது. நாலு வருஷத்தில் மலர்க்கொடி வெட்டிய கறியில் எலும்பு என்ற பேச்சே வந்ததில்லை. இன்று எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நிற்கிறாள்.

மேடம் ட்ரே மொத்தத்தையும் ஒதுக்கச் சொன்னார். பிறகு பெண்கள் பக்கம் கையைக் காட்டி, இவர்களுக்கும் சொல்லுங்கள் என்பதுபோல ஸ்ரீகாந்தைப் பார்த்தார். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இருக்கறதுலயே நல்ல கைக்கே இந்த வேகத்துல எலும்பு தங்குதுன்னு மேடம் சொல்றாங்க. ஒரு குழந்தை தொண்டையில சிக்கினா என்ன ஆகும்னு கேக்கறாங்க. நிமிஷத்துக்கு மூணுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுவாங்களாம். மூணு கண்டெய்னர் அனுப்பணும்னா...” குரல் இறங்கியது. “ஆளைக் கூட்டச் சொல்றாங்க.”

மதியத்துக்குள் கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு நாற்பது பெண்கள் தேவை. பரிமளா உடனே நாத்தனார் புஷ்பாவுக்குப் போன் போட்டு, ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு காலையிலேயே வரச் சொன்னாள்.

சூப்பர்வைசர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் வேனில் மலர்க்கொடி தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பரிமளாவுக்கு மனசு கேட்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வுடுக்கா. அந்த வேகத்துல யாரு அறுத்தாலும் எலும்பு தங்கத்தான் செய்யும். இதுக்குப் போயி மனசொடிஞ்சிக்கினு...”

“மெஷினு எத்தினி தபா கத்திச்சி?”

“ஆறு.”

மலர்க்கொடியின் நெற்றி சுருங்கியது. “நல்லா எண்ணுனியா?”

“நாங்க அல்லாரும் அத்தத்தானே எண்ணிக்கினு இருந்தோம்! ஆறேதான்.”

“அப்ப அந்த மெஷின்ல எதோ கோளாறு கீது. நாளைக்கு மொத வேலையா அத்த ரிப்பேர் பண்ணச் சொல்லணும்” என்றாள் மலர்க்கொடி. “நான் எண்ணி ஏழு எலும்பு வெச்சேன்.”