கேட்காத அளவு

பிப்ரவரி 21.

அம்மா கேட்காத ஓர் அளவையும் எழுதி அனுப்பியது என் தவறு.

மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே அகலமான இடம். போனில் அவள் கேட்டது இவ்வளவுதான். நான் கையையும் சேர்த்துவிட்டேன். தோள் எலும்பில் தொடங்கி, மடக்கிய முழங்கையைச் சுற்றி, மணிக்கட்டு வரை. கோட்டுக்கு அப்படித்தான் அளக்க வேண்டும் என்று மேல் மாடி லியுபா சொல்லியிருந்தாள்.

லியுபாவுக்கு அவள் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கோட்டு அனுப்பினான். சில மாதங்களில் அவளும் போய்விட்டாள்.

எங்கள் கட்டடத்தில் கோட்டு வந்த யாரும் அடுத்த புயல் காலத்தை இங்கே பார்த்ததில்லை. எங்கள் சியென்ஃபுவேகோஸ் ஊர் வெயிலில் அது வேறெதற்கு?

அம்மா நியூ ஜெர்சிக்குப் போய் எட்டு வருடமாகிறது. அங்கே ஒரு பெண்கள் துணிக்கடையில் வேலை. "ரெண்டே வருஷம், உன்னையும் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை நம்பித்தான் மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கிறேன்.

இதுவரை சோப்பு அனுப்பியிருக்கிறாள், மாத்திரை அனுப்பியிருக்கிறாள், ஒரு தடவை போனும் அனுப்பினாள். என் அளவைக் கேட்டது இதுதான் முதல் முறை.

பக்கத்து வீட்டு மிக்தாலியா அத்தையிடம் அளவு நாடா வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு நானே அளந்தேன். இடுப்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. நாடா முதுகுப் பக்கம் இறங்கிவிடுகிறது என்று பிறகுதான் தெரிந்தது. கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று, நேராக்கி, மறுபடி அளந்தேன்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதடி! கோட்டுக்குள்ள ஸ்வெட்டரும் போகணும்!" என்று அத்தை வெளியிலிருந்து கத்தினாள். கோட்டு என்று அவளும் முடிவு செய்துவிட்டாள்.

இன்று மதியம் ஓடாலிஸ் வந்தாள். அங்கிருக்கிறவர்கள் கொடுக்கிற சாமானை எடை போட்டு, காசு வாங்கிக்கொண்டு இங்கே கொண்டுவந்து சேர்க்கிறவள்.

பொட்டலத்தைக் கட்டிலில் வைத்தபோதே கனம் போதாது என்று தோன்றியது. சொன்னேன்.

"இப்பல்லாம் கோட்டுக்குள்ள வாத்து இறகுதான் வைக்கிறான். ஊதினா பறந்துடும். நீ பிரி முதல்ல" என்றாள், அவள் பின்னாலேயே வந்துவிட்ட அத்தை.

பிரித்தேன். அங்கிருந்து வருகிற எல்லாவற்றிலும் இருக்கும் அந்தச் சோப்பு வாசனை அறை முழுக்கப் பரவியது.

மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு பருத்தி கவுன். கையில்லாதது.

அதற்கடியில் அதே கவுன், நீலத்தில். அதற்கடியில் பச்சை. மொத்தம் ஆறு. அடி வரை கையை விட்டுத் துழாவினேன். வேறொன்றும் இல்லை.

"கடையையே சுருட்டிட்டா போலிருக்கே உங்கம்மா!" என்று அத்தை சிரித்தாள்.

கழுத்துப் பட்டியில் தைத்திருந்த அளவுகளைப் பார்த்தேன். ஒரே தையல்தான். ஆனால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஓர் அளவு பெரியது.

நான் சரியாக அளந்திருக்க மாட்டேன் என்று சந்தேகப்பட்டு, எதற்கும் இருக்கட்டும் என எல்லாவற்றிலும் ஒன்று அனுப்பியிருக்கிறாள். அப்படித்தான் நினைத்தேன். என்மேல் எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

மஞ்சளைப் போட்டுப் பார்த்தேன். தோளில் சரி. மார்பில் சரி. இடுப்பில் விரல் நுழையும் அளவுக்கு இடம், வேண்டியது அவ்வளவுதான். என் அளவில் ஒரு பிழையும் இல்லை.

காப்பியை உறிஞ்சிக்கொண்டே ஓடாலிஸ் சொன்னாள்: "சின்னதுலேர்ந்து வரிசையாப் போட்டுக்கணுமாம். பெருசையெல்லாம் யாருக்கும் தூக்கிக் குடுத்துடாம பத்திரமா வச்சுக்கணுமாம். உடம்பு போடப் போட ஒண்ணொண்ணா எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. தையல் கெட்டியாம், வருஷக்கணக்கா உழைக்குமாம்."

அதற்குள் அத்தை ஆகப் பெரியதை, கருஞ்சிவப்பை, தலைவழியாக மாட்டிக்கொண்டுவிட்டாள்.

"ஏய், பின்னால ஜிப்பை ஏத்து."

ஏற்றினேன். எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொளதொளக்கவில்லை.

அத்தையும் அம்மாவும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அத்தைக்குப் போன மாதம் ஐம்பத்திரண்டு முடிந்தது. எனக்கு இருபத்திரண்டு. நடுவிலிருக்கும் முப்பது வருடத்துக்கும் இந்த வெயிலுக்கான கவுன்கள்தான்.

"எனக்குன்னே தச்ச மாதிரி இருக்கு பாரேன்!" இடுப்பில் கை வைத்துக் கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்று தொடங்கும்போது, கண்ணாடிக்குள் என் முகத்தைப் பார்த்தாள்.

நின்றுவிட்டாள்.

"இறக்குடி" என்றாள், மெதுவாக.

ஜிப்பை இறக்கினேன். அவள் கவுனைக் கழற்றி, சுருக்கம் போகக் கையால் தேய்த்து மடித்தாள். ஓடாலிஸுக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். போகும்போது என் தலையில் ஒரு முறை கை வைத்துவிட்டுப் போனாள்.

நாளை: மஞ்சள் கவுனைத் துவைத்துக் காயப்போட வேண்டும். அலமாரி மேலிருக்கும் பயணப்பெட்டியை இறக்கி, தூசி துடைத்து, மற்ற ஐந்தையும் அதில் அடுக்கி வைக்க வேண்டும், பெரியது அடியில் வருகிற மாதிரி.