கடைசிப் பக்கத்தில் இல்லாத பெயர்

"இதுல என் பேர் எங்கங்க?"

கணவரின் புதுக் கட்டுரையை அவள் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்திருந்தாள். ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் அப்படித்தான் படிப்பார்கள். யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார் என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். அதில் தன் பெயர் இருந்தால் கட்டுரை பிரமாதம். நேரமிருந்தால் அப்புறம் முதல் பக்கம்.

"இல்லையா?" என்றார் அவர், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

"இல்லை. கல்யாணம் ஆனதுலேர்ந்தே இல்லை."

இருவரும் ஒரே கல்லூரியில் பூச்சியியல் துறை. மாணவர்கள் வைத்த பெயர்கள்: அவர் தேனீ, அவள் எறும்பு. எறும்பின் முதுகில் துளி வண்ணப் பொடியை ஒட்டி, அது எங்கெல்லாம் போய் வருகிறது என்று பின்தொடரும் முறையைக் கண்டுபிடித்தவள் அவள்.

இப்போது பேராசிரியர் பதவிக்கு மனுப் போட்டிருந்தாள். ஒருவருடைய ஆராய்ச்சியை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணித்தான் குழு முடிவு செய்யும். போன முறை எண்ணிக்கை பற்றாமல் திரும்பி வந்தாள். இதையும் விட்டால் அப்புறம் பணி ஓய்வுதான்.

"வேதியியல்ல அந்தப் புருஷன் பெண்டாட்டியைப் பாருங்க. ஒவ்வொரு கட்டுரையிலயும் மாத்தி மாத்தி ஊட்டி விட்டுக்கிறாங்க."

"அஜீரணம் வந்துடும்."

"நீங்க ஒரு வாய் கூடக் குடுத்தது கிடையாது. வீட்டுக்காரரே காட்டாத மேற்கோளை வெளியில யார் காட்டுவா?"

"வண்டு காட்டினானே."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

வண்டு என்பவர் அடுத்த அறைப் பேராசிரியர். வண்டைத் தவிர வேறு உயிரினத்தை ஏறெடுத்துப் பார்க்காதவர். துறைக் கூட்டத்தில் தேனீ ஜன்னலைத் திற என்றால் இவர் மூடு என்பார். அப்படிப்பட்டவர் சில வருஷங்களுக்கு முன்னால் திடீரென்று அவளுடைய பொடியைத் தேனீக்களுக்குப் பூசி ஒரு கட்டுரை எழுதிவிட்டார். முகம் வீங்கி, கண் மூடி, கட்டோடு திரிந்து எழுதிய கட்டுரை. எங்கெங்கோ பேசப்பட்டது. படித்தவர்கள் எல்லாம் பொடியை விசாரித்துக்கொண்டு அவளிடம் வந்தார்கள்.

"பொடி என்னுது. தேனீ உங்களுது. பேர் மட்டும் அவருக்கு! அடுத்த அறையில உக்காந்துக்கிட்டு அது உங்களுக்குத் தோணலையே!"

"தோணலைதான். என்ன பண்றது, மூளை அவ்வளவுதான்."

"மூளை இல்லைங்க, மனசு. பெண்டாட்டி பேரை எழுதக் கை வரலை. பொறாமை."

தேனீ மறுக்கவில்லை. ரொட்டியைக் கடித்தார்.

நேர்முகத் தேர்வில் குழுத் தலைவி அவளுடைய பட்டியலைப் புரட்டினார்.

"முதல்ல கழிவு. உங்களை நீங்களே மேற்கோள் காட்டினது, சொந்தக்காரங்க காட்டினது, எல்லாம் போயிடும். காலையில ஒரு தம்பதி வந்தாங்க. கழிச்சப்புறம் எலும்பும் தோலும்தான் மிச்சம்."

பேனாவை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"இதுல கழிக்க ஒண்ணுமே இல்லையே! உங்க வீட்டுக்காரரும் இதே துறைதானே?"

"ஆமா மேடம்."

"ஒரு தடவை கூட உங்க பேரைப் போடலையா?" தலைவி கண்ணாடியைக் கழற்றி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "வீட்டுல எல்லாம் சுமுகம்தானே?"

"சுமுகம்தான் மேடம்."

"அப்ப சரி. வாழ்த்துகள், பேராசிரியர்."

மாலையில் துறையே கூடிக் கொண்டாடியது. யாரோ எறும்பு வடிவத்தில் கேக் வரவழைத்திருந்தார்கள். ஆறு கால்களும் சரியாக நெஞ்சுப் பகுதியில்தான் இருக்கின்றனவா என்று சோதித்த பிறகே தேனீ கத்தியை வைத்தார்.

"ஏங்க, புருஷன் காட்டின மேற்கோள் கணக்குல சேராதாமே. அந்த விதி தெரிஞ்சுதான் என் பேரைப் போடாம இருந்தீங்களா?"

"அட, அப்படி ஒரு விதி வேற இருக்கா?"

"உங்களுக்கு எங்க தெரியப்போகுது! சரி, கேக்காவது ஒரு வாய் ஊட்டுங்க."

"புருஷன் ஊட்டினா கணக்குல சேராதுன்னு இப்பதானே சொன்னே?" என்று சிரித்துக்கொண்டே தட்டோடு நகர்ந்துவிட்டார்.

இவரைத் திருத்த முடியாது என்று நினைத்துக்கொண்டு, மூலையில் நின்ற வண்டுவிடம் அவள் போனாள்.

"உங்களுக்குத்தான் முதல் நன்றி. உங்க தேனீக் கட்டுரை இல்லைன்னா என் பொடியை யார் சீண்டியிருப்பா? எங்க வீட்டுல அப்படி ஒரு யோசனை வரவே இல்லை பாருங்க."

வண்டு நெளிந்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

"இனிமே சொல்லலாம்னு நினைக்கிறேன். உங்களுக்குப் பதவி வர்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார்."

"யாரு?"

"மேடம், தேனீன்னா எனக்கு உயிர் போற பயம். நானா கிட்டப் போவேன்? அந்த யோசனையை முழுசா என் மேசையில கொண்டு வந்து வச்சதே அதோ கேக் குடுத்துக்கிட்டிருக்காரே, அவர்தான். 'நான் எழுதினா அவ பேரைப் போட்டே ஆகணும். போட்டா, புருஷன் போட்டதுன்னு கழிச்சுடுவாங்க. அவகிட்ட சொன்னா சம்மதிக்க மாட்டா. நீ எழுதுய்யா, ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க. நமக்குள்ள ஆகாதுன்னு ஊருக்கே தெரியும்'னார்."